ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட்ல வந்திருக்கா? ஹார்ட்டையும் சேர்த்துப் பாருங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயித்து வலின்னு ஸ்கேன் எடுக்கப் போனவங்க, கிட்னில கல்லு இருக்கான்னு பார்க்கப் போனவங்க, கம்பெனில மாஸ்டர் செக்கப் பண்ணவங்கன்னு நிறைய பேரோட ரிப்போர்ட்ல கடைசி வரியா ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’னு ஒண்ணு வருது. நான் ஒரு சின்ன ஊர்ல பொது மருத்துவரா இருக்கேன். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு என் ரூமுக்கு வந்தவங்க திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் இங்க எழுதி வச்சிருக்கேன். எல்லாமே பொதுவான விளக்கம், அதனால மாத்திரையை நிறுத்தறதா இருந்தாலும் சேர்க்கறதா இருந்தாலும் உங்களைப் பார்க்கற டாக்டர்கிட்ட பேசிட்டு செய்ங்க.

கிரேடு 1 தானே, எல்லாருக்கும் இருக்கறதுதான்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு கவலைப்படணும்?

நிறைய பேருக்கு இருக்குங்கறது உண்மைதான். இந்தியாவுல நடந்த பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 2022ல கணக்கு போட்டப்ப, பெரியவங்கள்ல சுமார் 38 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர்னு வந்துச்சு. சென்னைல எடுத்து 2009ல வெளியான ஒரு ஆய்வுல 32 சதவீதம், அதுலயே சுகர் இருக்கறவங்களை மட்டும் தனியா எடுத்தா பாதிக்கு மேல. ஆனா ஊர்ல பாதி பேருக்கு இருக்குங்கறதால அது நார்மல்னு ஆயிடாதுங்க, நம்ம ஊர்ல பிபி கூடத்தான் வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கு, அதுக்காக அதை விட்டுடறோமா.

அந்த வரியை லிவர் சமாச்சாரம்னு மட்டும் படிச்சு ஒதுக்கிடாதீங்க. ஃபேட்டி லிவர் இருக்கறவங்க எதனால இறந்து போறாங்கன்னு பார்த்தா முதல் இடத்துல நிக்கறது லிவர் நோய் இல்ல, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி ரத்தக்குழாய் நோய்கள்தான். லிவர் சுருங்கி சிரோசிஸ் வரைக்கும் போறவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்களுக்கு லிவர் அது பாட்டுக்கு வேலை செஞ்சுட்டே இருக்கும், ஆபத்து நெஞ்சுப் பக்கம் வளரும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2022ல இதுக்குன்னே தனியா ஒரு அறிக்கை போட்டாங்க, ஃபேட்டி லிவரை இதய நோய்க்கான ரிஸ்க்கா டாக்டர்கள் கவனிக்கறதே இல்லைங்கற கவலைலதான்.

நான் எண்ணெய் பலகாரமே தொட மாட்டேன், அப்புறம் லிவர்ல கொழுப்பு எங்கிருந்து வந்துச்சு?

இந்தக் கேள்வியை அதிகமா கேக்கறது வீட்ல பெண்கள்தான், அவங்க கேக்கறதுல நியாயமும் இருக்கு. லிவர்ல சேர்ற கொழுப்பு எந்தெந்த வழியா வருதுன்னு 2005ல ஒரு ஆய்வுல அளந்து பார்த்தாங்க. கிட்டத்தட்ட 59 சதவீதம் நம்ம உடம்புல ஏற்கனவே இருக்கற கொழுப்புல இருந்து, அதாவது தொப்பைல இருந்தும் தோலுக்கு அடில இருந்தும் கரைஞ்சு ரத்தத்துல வர்றது. 26 சதவீதம் லிவர் தானே தயாரிக்கறது, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வச்சு. நேரடியா சாப்பாட்டுல இருக்கற எண்ணெய், நெய்ல இருந்து வந்தது 15 சதவீதம் தான்.

அதனால எண்ணெயை மட்டும் குறைச்சுட்டு காலைல 5 இட்லி, மத்தியானம் தட்டு நிறைய சோறு, நடுவுல 4 டீ, சாயந்திரம் பிஸ்கட்னு போனா லிவர் அதையெல்லாம் கொழுப்பா மாத்தி ஒரு பக்கம் சேர்த்துக்கிட்டேதான் இருக்கும். லிவர் எடைல 5 சதவீதத்துக்கு மேல கொழுப்பு சேர்ந்துட்டா அதைத்தான் ஃபேட்டி லிவர்னு சொல்றோம்.

லிவர் ஒரு பக்கம் இருக்கு, ஹார்ட் ஒரு பக்கம் இருக்கு, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் பொறுமையா படிங்க, இது புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

ரத்தத்துல ஓடற கொழுப்பு, சர்க்கரை, ரத்தம் உறையற சத்துங்கன்னு எல்லாத்துக்கும் பெரிய கிடங்கும் பட்டறையும் லிவர்தான். ராத்திரி நாம தூங்கறப்ப ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சுடக் கூடாதுன்னு லிவர்தான் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டே இருக்கும், சாப்பிட்டதும் இன்சுலின் வந்து போதும் நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடும். கொழுப்பு சேர்ந்த லிவருக்கு இன்சுலின் சொல்றது சரியா காதுல விழாது, அதனால வெறும் வயித்துல எடுக்கற சுகர் ஏறும். கணையம் இன்னும் இன்சுலினை ஊத்தும், அந்த அதிகப்படி இன்சுலின் லிவரை இன்னும் கொழுப்பு தயாரிக்க வைக்கும். இப்படியே ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டுட்டே இருக்கும்.

லிவர் தன்கிட்ட தேங்கின கொழுப்பை சும்மா வச்சுக்காது, விஎல்டிஎல்னு சின்னச் சின்ன உருண்டைகளா கட்டி ரத்தத்துல அனுப்பும், அதைத்தான் லேப் ரிப்போர்ட்ல ட்ரைகிளிசரைடு அதிகம்னு பார்க்கறீங்க. அது ஏற ஏற நல்ல கொழுப்புன்னு சொல்ற எச்டிஎல் குறையும், கெட்ட கொழுப்பான எல்டிஎல் சின்னதா இறுகினதா மாறி ரத்தக்குழாய் சுவருக்குள்ள ஈஸியா நுழைஞ்சுடும். மொத்த கொலஸ்ட்ரால் 190 தான், நார்மல்னு சந்தோஷமா வர்றவங்களோட ரிப்போர்ட்ல ட்ரைகிளிசரைடு 240ம் எச்டிஎல் 34ம் இருக்கும், அதை யாரும் பார்க்கறதே இல்ல.

அதோட நிக்கல. கொழுப்பு சேர்ந்த லிவர்ல உள்ளுக்குள்ள அழற்சி இருக்கும், வெளில தெரியாத ஒரு புகைச்சல் மாதிரி, அங்க இருந்து சிஆர்பி மாதிரி அழற்சிப் பொருட்களும் ரத்தத்தை சீக்கிரம் உறைய வைக்கற சமாச்சாரங்களும் கூடுதலா ரத்தத்துல கலக்கும். ரத்தக்குழாயோட உள்சுவர் இதையெல்லாம் வருஷக்கணக்கா வாங்கிட்டு இருந்தா அங்க கொழுப்புப் படிவம் உக்காரும், இறுகும், ஒரு நாள் வெடிச்சு அது மேல ரத்தம் உறைஞ்சா அதுதான் ஹார்ட் அட்டாக். அடைப்பு மட்டும் இல்லாம ஹார்ட் தசை விறைப்பாகி மூச்சு வாங்கறது, இதயத்துடிப்பு தாறுமாறா ஓடற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதெல்லாமும் ஃபேட்டி லிவர் இருக்கறவங்ககிட்ட அதிகமா பார்க்கறோம்.

எத்தனை மடங்கு ரிஸ்க் அதிகம்? நம்பரா சொல்லுங்க.

36 ஆய்வுகள்ல இருந்த சுமார் 58 லட்சம் பேரோட விவரத்தை ஒண்ணா சேர்த்து 2021ல வெளியிட்டாங்க. ஃபேட்டி லிவர் இல்லாதவங்களை விட இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி சம்பவங்கள் வர்ற வாய்ப்பு சுமார் 1.45 மடங்கு. லிவர்ல தழும்பு விழுந்து ஃபைப்ரோசிஸ் முத்தினவங்களுக்கு அதுவே சுமார் 2.5 மடங்கு. உங்களுக்கு ஏற்கனவே பிபி, சுகர், சிகரெட்னு இருந்தா அந்த ரிஸ்க் மேல இதுவும் வந்து உக்காரும், எதுவுமே இல்லாத 30 வயசுக்காரருக்கு 1.45 மடங்குங்கறது சின்ன நம்பர்தான், 55 வயசு சுகர் பேஷண்டுக்கு அது பெரிய நம்பர்.

ஃபேட்டி லிவரே ஹார்ட்டைக் கெடுக்குதா, இல்ல சுகரும் தொப்பையும் கெடுக்கறதுக்கு லிவர் மேல பழி போடறீங்களா?

நல்ல கேள்வி, காலேஜ்ல படிக்கற ஒரு பையன் அவன் அப்பாவோட வந்தப்ப கேட்டான். ரெண்டுலயும் பங்கு இருக்கு. பிஎன்பிஎல்ஏ3ன்னு ஒரு ஜீன் இருக்கு, அதுல ஒரு வகை மாற்றம் இருந்தா லிவர்ல கொழுப்பு நிறைய சேரும்னு 2008ல கண்டுபிடிச்சாங்க. ஆனா அந்த ஜீனால வர்ற ஃபேட்டி லிவர்ல ஹார்ட் அட்டாக் அந்த அளவுக்குக் கூடல, ஏன்னா அங்க கொழுப்பு லிவருக்குள்ளயே தங்கிடுது, ரத்தத்துக்குப் பெருசா வர்றதில்ல. அதனால எல்லா ஃபேட்டி லிவரும் ஹார்ட்டுக்கு ஒரே மாதிரி கிடையாது. ஆனா நம்ம ஊர்ல நான் பார்க்கற பெரும்பாலானவங்களுக்கு தொப்பை, இன்சுலின் சரியா வேலை செய்யாதது, ட்ரைகிளிசரைடு எல்லாம் சேர்ந்துதான் வருது, அந்த வகைதான் ஹார்ட்டைத் தொடற வகை. அதுக்கு செய்ய வேண்டிய வேலையும் ஒண்ணுதான், லிவரா தொப்பையான்னு பிரிச்சுப் பார்த்து நமக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

நான் ஒல்லிதான், 64 கிலோ, எனக்கு எப்படி வந்துச்சு?

வெயிட் மெஷினை மட்டும் நம்பாதீங்க, டெய்லர்கிட்ட இருக்கற டேப்பை எடுத்து தொப்புள் கிட்ட சுத்திப் பாருங்க. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதுக்கு மேல போச்சுன்னா கை கால் குச்சியா இருந்தாலும் உள்ள கொழுப்பு இருக்குன்னு அர்த்தம். புனேல இருக்கற டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ல ஒரு போட்டோ வெளியிட்டாங்க, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடைங்கற கணக்கு, ஒரே 22.3. ஆனா உடம்புக் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2 சதவீதம். நம்ம உடம்பு வாகு அப்படி, அதனாலதான் நமக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடைன்னும் 25 தாண்டினா உடல் பருமன்னும் கணக்கு வைக்கறோம், வெள்ளைக்காரங்களுக்கு இருக்கற 25, 30 கணக்கு நமக்கு ஒத்து வராது.

எஸ்ஜிபிடி நார்மல்னு வந்திருக்கே, அப்ப லிவர் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லைங்க. எஸ்ஜிபிடிங்கறது லிவர் செல் பாதிக்கப்பட்டா ரத்தத்துல கூடற ஒரு என்சைம். அது நார்மலா இருந்தும் லிவர்ல கொழுப்பு இருக்கலாம், ஏன் தழும்பே கூட இருக்கலாம்.

கிரேடு 1, 2, 3ன்னா ஸ்டேஜ் மாதிரியா? எது ஆபத்து?

ஸ்கேன்ல போடற கிரேடு கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்குங்கறதைத்தான் காட்டுது, லிவர் எவ்வளவு கெட்டுப் போச்சுங்கறதை இல்ல. கிரேடு 3 இருந்தும் தழும்பு இல்லாதவங்க உண்டு, கிரேடு 1 இருந்து தழும்பு விழுந்தவங்களும் உண்டு, லிவருக்கும் சரி ஹார்ட்டுக்கும் சரி முக்கியமா பார்க்க வேண்டியது இந்தத் தழும்பைத்தான்.

அதுக்கு பெரிய செலவு தேவையில்ல, ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு. வயசு, எஸ்ஜிஓடி (எஸ்ஜிபிடி மாதிரியே இன்னொரு என்சைம்), எஸ்ஜிபிடி, ப்ளேட்லெட் (ரத்தம் உறைய உதவற அணுக்கள்), இந்த நாலு இருந்தா போதும், சாதாரண ரத்த டெஸ்ட்லயே வந்துடும். வயசையும் எஸ்ஜிஓடியையும் பெருக்குங்க, அதை ப்ளேட்லெட்டால (ஆயிரக்கணக்குல) வகுங்க, அப்புறம் எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால வகுங்க. உதாரணத்துக்கு 52 வயசு, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 60, ப்ளேட்லெட் 2.1 லட்சம், அதாவது 210ன்னு வச்சுக்கிட்டா 1.53ன்னு வரும். 1.3க்குக் கீழ வந்தா தழும்பு முத்தியிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, 2.67க்கு மேல வந்தா கண்டிப்பா லிவர் டாக்டரைப் பார்க்கணும், நடுவுல வந்தா ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க. 65 வயசு தாண்டினவங்களுக்கு கீழ் அளவு 1.3க்குப் பதிலா 2.0. ஃபைப்ரோஸ்கேனுக்கு ஊசி எதுவும் கிடையாது, விலா எலும்புக்கு நடுவுல வச்சு லேசா தட்டி லிவர் எவ்வளவு விறைப்பா இருக்குன்னு பார்ப்பாங்க, 3 மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம போகணும், 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ வந்தா நிம்மதி.

சரி, ஹார்ட்டுக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்? ஆஞ்சியோ பண்ணணுமா?

ஃபேட்டி லிவர்னு ஒரு வரிக்காக யாரும் ஆஞ்சியோ பண்ணிக்காதீங்க. பிபி, இடுப்பு அளவு, வெறும் வயித்துல சுகர், எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), ஃபாஸ்டிங் லிப்பிட் ப்ரொஃபைல் (வெறும் வயித்துல எடுக்கற கொழுப்பு டெஸ்ட்), கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்), இவ்வளவு போதும் ஆரம்பத்துக்கு. பிபியும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பார்க்கறாங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்தும் பார்க்கறாங்க, அந்த அக்கா வர்றப்ப அப்புறம் பார்த்துக்கலாம்னு அனுப்பிடாதீங்க. வீட்ல அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயசுக்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயசுக்கு முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்திருந்தா டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. நடந்தா நெஞ்சு இறுக்குது, மாடி ஏறினா முன்ன மாதிரி முடியலன்னு இருந்தா அப்ப இசிஜி, எக்கோ, ட்ரெட்மில்னு போகணும், அது வேற வழி.

ஃபேட்டி லிவர் இருக்கறப்ப கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா லிவர் கெட்டுடாதா?

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்னு வச்சுக்கோங்க.

எங்க பெரியப்பாவுக்கு சுகர், ஃபேட்டி லிவர் ரெண்டும் இருந்துச்சு, அட்டோர்வாஸ்டாட்டின் போட்டுட்டு இருந்தார். ஒரு கேம்ப்ல ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருத்தர், உங்க லிவர் வீக்கா இருக்கு, கொழுப்பு மாத்திரை லிவரைத் தின்னுடும், நிறுத்திடுங்கன்னு சொல்லியிருக்கார். இவரும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நிறுத்திட்டார். ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு விடிகாலைல நெஞ்சு வலி, ஸ்டென்ட் வச்சு உயிர் பிழைச்சார், ஆனா அதுக்கப்புறம் வயல்ல இறங்கி வேலை பார்க்க முடியல. மாத்திரை போட்டிருந்தா கண்டிப்பா வந்திருக்காதுன்னு நான் சொல்ல முடியாது, ஆனா அந்த பாதுகாப்பை காரணமே இல்லாம எடுத்துட்டோமேங்கறது எனக்கு இன்னிக்கும் ஆறல.

ஃபேட்டி லிவர் இருக்கறவங்க ஸ்டேட்டின், அதாவது அட்டோர்வாஸ்டாட்டின் மாதிரி கொலஸ்ட்ரால் மாத்திரை போடலாம், ஹார்ட் ரிஸ்க் இருந்தா கண்டிப்பா போடணும். கிரீஸ்ல நடந்த ஒரு ஆய்வோட முடிவு 2010ல வந்துச்சு, லிவர் டெஸ்ட் லேசா ஏறியிருந்தவங்க ஸ்டேட்டின் போட்டப்ப ஹார்ட் சம்பவங்களும் குறைஞ்சுது, லிவர் டெஸ்ட்டும் மோசமாகல, நல்லாத்தான் ஆச்சு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012லயே ஸ்டேட்டின் போடறவங்களுக்கு அடிக்கடி லிவர் டெஸ்ட் எடுத்துட்டே இருக்க வேண்டியதில்லன்னு லேபிளை மாத்திட்டாங்க, ஏன்னா அதனால லிவர் நிஜமா பாதிக்கப்படறது அவ்வளவு அபூர்வம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட், அப்புறம் டாக்டர் சொல்றப்ப. எஸ்ஜிபிடி நார்மலோட 3 மடங்குக்கு மேல போனா டாக்டரைப் பாருங்க, மஞ்சள் காமாலை, கறுத்த யூரின் வந்தா உடனே பாருங்க. சிரோசிஸ் முத்தி வயித்துல தண்ணி சேர்ந்தவங்க கதை வேற, அவங்களுக்கு லிவர் டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

குடிக்கறவங்களுக்குத்தானே லிவர் போகும், நான் குடிக்கறதே இல்லையே? அப்புறம் இப்ப பேரை மாத்திட்டாங்கன்னு சொல்றாங்களே?

குடிக்காமலே வரும், அதனாலதான் ரொம்ப வருஷமா ஆல்கஹால் சாராத ஃபேட்டி லிவர்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2023ல பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து பேரை மாத்தி எம்ஏஎஸ்எல்டின்னு வச்சாங்க, அதாவது உடம்போட வளர்சிதை மாற்றக் கோளாறோட சேர்ந்து வர்ற ஃபேட்டி லிவர்னு அர்த்தம். எது இல்லன்னு சொல்லாம எதனால வருதுன்னு பேர்லயே சொல்லிட்டாங்க. இதைச் சொல்ல, லிவர்ல கொழுப்போட தொப்பை அல்லது எடை, சுகர், பிபி, ட்ரைகிளிசரைடு, எச்டிஎல், இந்த அஞ்சுல ஒண்ணாவது இருக்கணும். அந்த அஞ்சைத் திரும்பப் படிங்க, ஹார்ட் டாக்டர் கேக்கற லிஸ்ட்டும் அதேதான்.

வாரக் கடைசில மட்டும் அடிப்பேன்னு சொல்றவங்களுக்கு: கொழுப்பு இருக்கற லிவருக்கு ஆல்கஹால் ரெண்டாவது அடி, கூடவே ட்ரைகிளிசரைடும் பிபியும் ஏத்தும். கொஞ்சமா குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா அதை உங்க லிவர் மேல சோதிச்சுப் பார்க்காதீங்க, நிறுத்தறதுதான் நல்லது. புகையிலை எந்த வடிவத்துலயும் வேண்டாம், அது நேரா ரத்தக்குழாயைப் பிடிக்கும்.

என்ன சாப்பிடணும்? சோத்தை விட்டுடணுமா?

சோத்தை விடச் சொல்ல மாட்டேன், விடவும் மாட்டீங்க, சொல்லிட்டு நாளைக்கே ஏமாத்திக்கறதை விட முடிஞ்சதைச் செய்யலாம்.

முதல்ல குடிக்கற சர்க்கரையை நிறுத்துங்க. ஒரு டீக்கு 2 ஸ்பூன்னா 10 கிராம், ஒரு நாளைக்கு 4 டீன்னா 40 கிராம். நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2024ல போட்ட உணவு வழிகாட்டில நாள் முழுக்கவே 25 கிராமுக்குள்ள சர்க்கரை இருக்கணும்னு சொல்லுது. கூல்ட்ரிங்க்ஸ், பாட்டில் ஜூஸ், பாக்கெட் மால்ட் பவுடர், கரும்பு ஜூஸ் எல்லாம் இதே கணக்குல வரும். சர்க்கரைல இருக்கற ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் நேரா லிவருக்குத்தான் போகுது, அதிகமா போனா அங்க கொழுப்பாகுது. நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி போட்டுக்கலாமான்னு கேப்பாங்க, லிவருக்கு அதெல்லாமும் சர்க்கரைதான். பழம் ஜூஸ் போடாம அப்படியே கடிச்சு சாப்பிடுங்க, ஒரு கொய்யா போதும்.

தட்டை மாத்துங்க. பாதித் தட்டு பொரியல், கூட்டு, கீரை, கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன்னு ஏதாவது, மீதி கால் தட்டுல சோறு, அது பிரவுன் அரிசியோ சிறுதானியமோ ஆனாலும் அளவு அளவுதான். சோத்தை முதல்ல போட்டு அது மேல குழம்பு ஊத்தற பழக்கத்தை விட்டு காயை முதல்ல தட்டுல போட்டுப் பாருங்க, தானா சோறு குறையும். மீன் குழம்பு நல்லது, அதே மீனை எண்ணெய்ல முக்கி எடுத்தா பாதி நல்லது போயிடும். மாட்டுக்கறி, ஆட்டுக்கறி வாரத்துல ஒரு நாள், அளவா. பாமாயில், டால்டா, பேக்கரி பஃப்ஸ், திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய்ல போட்ட பஜ்ஜி, இதுல இருக்கற கொழுப்பு ஹார்ட்டுக்கு ஆகாதது. தேங்காயை சட்னில கொஞ்சம் வச்சுக்கோங்க, தினமும் தேங்காய் எண்ணெய்லயே எல்லாம் சமைக்காதீங்க, எல்டிஎல் ஏறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு பிபிக்காக குறைங்க.

காபி பிடிச்சவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, காபி குடிக்கறவங்களுக்கு லிவர்ல தழும்பு குறைவா இருக்கறதா நிறைய ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. சர்க்கரை இல்லாம 2 கப், அவ்வளவுதான், அதுக்காக புதுசா ஆரம்பிக்க வேண்டாம்.

எவ்வளவு எடை குறைச்சா போதும்?

80 கிலோ இருக்கறவர் 4 கிலோ குறைச்சாலே, அதாவது 5 சதவீதம், லிவர்ல கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். 7ல இருந்து 10 சதவீதம் குறைச்சா அழற்சியும் இறங்கும். கியூபால 293 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து, பயாப்சி (லிவர்ல இருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கற டெஸ்ட்) எடுத்துப் பார்த்து 2015ல வெளியிட்டாங்க. 10 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைச்சவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு லிவர் அழற்சி சரியாச்சு, 45 சதவீதம் பேருக்கு தழும்பே கொஞ்சம் கரைஞ்சுது. மருந்து இல்லாம, சாப்பாட்டாலயும் நடையாலயும். எனக்கு அந்த ரிசல்ட்டைப் படிச்சப்ப அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா நம்மாள முடிஞ்ச விஷயம் அது. ஆனா ஒரு மாசத்துல 10 கிலோன்னு பட்டினி கிடந்து குறைக்காதீங்க, பித்தப்பைல கல்லு வரும், குறைஞ்சதும் திரும்ப ஏறிடும். மாசம் 2 கிலோ போதும். ஒல்லியா இருக்கறவங்களுக்கு 3 சதவீதம், 5 சதவீதம் குறைஞ்சாலே பலன் தெரியும்.

தினமும் வாக்கிங் போறேன், ஆனா எடை குறையவே இல்ல, வேஸ்ட்டா?

வேஸ்ட்டே இல்ல. எடை இறங்காட்டியும் உடற்பயிற்சியால லிவர்ல இருக்கற கொழுப்பு இறங்குது, இதை எம்ஆர்ஐ வச்சே பார்த்திருக்காங்க. வாரத்துக்கு 150 நிமிஷம், பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கற வேகம். கூடவே வாரத்துல 2 நாள் தசைக்கு வேலை குடுங்க, நாற்காலில உக்காந்து எழறது, சுவரைத் தள்றது, தண்ணிக் குடம் தூக்கறதா இருந்தாலும் சரி. சாப்பிட்ட உடனே டிவி முன்னாடி உக்காராம 10 நிமிஷம் வாசல்ல நடந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏர்ற சுகர் குறையும்.

கீழாநெல்லி, சீந்தில், லிவர் டீடாக்ஸ் பவுடர் சாப்பிடலாமா?

கீழாநெல்லி மேல நம்ம வீடுகள்ல இருக்கற மரியாதை எனக்குத் தெரியும், எங்க ஆச்சியும் அரைச்சுக் குடுத்திருக்காங்க. ஆனா அது ஃபேட்டி லிவரைக் குறைச்சு ஹார்ட்டைக் காப்பாத்தும்னு நம்பற அளவுக்கு ஆதாரம் இல்ல. சீந்தில் விஷயத்துல எச்சரிக்கையாவே இருங்க, கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு குடிச்சு லிவர் பாதிக்கப்பட்டவங்களைப் பத்தி மும்பை டாக்டர்கள் 2021ல எழுதினாங்க. எடை குறைக்கறதுக்குன்னு விக்கற கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரையும் லிவரை பாதிக்கலாம், லிவரைக் கழுவற பவுடர்னு எதுவும் கிடையாது. என்ன சாப்பிட்டிருந்தாலும் திட்டுவாரோன்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

இதுக்குன்னு மருந்து வந்துடுச்சாமே?

வந்திருக்கு. ரெஸ்மெட்டிரோம்னு ஒரு மாத்திரைக்கு 2024 மார்ச்ல அமெரிக்கால அனுமதி கிடைச்சுது, லிவர் அழற்சியோட தழும்பும் நடுத்தரமா இருந்து சிரோசிஸ் வராதவங்களுக்கு. 2025 ஆகஸ்ட்ல செமாக்ளூடைடு ஊசிக்கும் அதே மாதிரி அனுமதி குடுத்தாங்க, அது எடை, சுகர், ஹார்ட் ரிஸ்க் எல்லாத்தையும் சேர்த்துக் குறைக்குது. இந்தியால சாரோக்ளிட்டசார்னு ஒரு மாத்திரை 2020ல இருந்து இதுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கு, ட்ரைகிளிசரைடையும் இறக்கும். ஆனா ஸ்கேன்ல கிரேடு 1னு வந்த எல்லாருக்கும் இதெல்லாம் இல்ல, யாருக்குன்னு டாக்டர் பார்த்துதான் குடுக்கணும், மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை ஒழுங்கா போடறதுதான் இன்னிக்கும் ஹார்ட்டைக் காப்பாத்தற முதல் வேலை.

பெண்களுக்கு இது அவ்வளவா வராதுன்னு சொல்றாங்களே?

மாதவிடாய் நிக்கற வரைக்கும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, நின்னதுக்கு அப்புறம் அது போயிடும், லிவர்லயும் கொழுப்பு சேரும் ஹார்ட் ரிஸ்க்கும் ஏறும். பிசிஓஎஸ்னு சொல்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கறவங்களுக்கும் கர்ப்ப காலத்துல சுகர் வந்தவங்களுக்கும் சின்ன வயசுலயே வரலாம். வீட்ல எல்லாருக்கும் ரிப்போர்ட் எடுத்துக் குடுத்துட்டு தனக்கு மட்டும் எடுக்காத அம்மாக்கள்தான் நான் பார்க்கறதுல நிறைய, தயவுசெஞ்சு அவங்களையும் கூட்டிட்டு வாங்க.

ஹார்ட் பேஷண்டுக்கு லிவர் டெஸ்ட் ஏறியிருந்தா அதுவும் ஃபேட்டி லிவர்தானா?

எப்பவும் இல்ல. ஹார்ட் பம்ப்பிங் குறைஞ்சா ரத்தம் பின்னாடி தேங்கி லிவர் வீங்கும், வலது விலாவுக்கு அடில பாரமா இருக்கும், கால் வீங்கும். அது லிவர்ல இருந்து வந்த நோய் இல்ல, ஹார்ட்டுக்குத்தான் வைத்தியம் பண்ணணும்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

நெஞ்சுல இறுக்கம், பாரம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவறது, குப்புன்னு வேர்க்கறது, மூச்சு வாங்கறது. சுகர் இருக்கறவங்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாம வெறும் களைப்பு, குமட்டல், மேல் வயித்துல எரிச்சல்னு கூட வரும். ஃபேட்டி லிவர் இருக்கறவங்க ஏற்கனவே வயிறு உப்புசத்துக்குப் பழகினவங்க, அதனால இதையும் கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுட்டுப் படுத்துடுவாங்க, ஓமம் மெல்லுவாங்க, விடியட்டும்னு காத்திருப்பாங்க. காத்திருக்காதீங்க, 108 கூப்பிடுங்க, தானே பைக் ஓட்டிட்டுப் போகாதீங்க. பெரிய ஆஸ்பத்திரி தூரமா இருந்தா பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போங்க, 2023ல ஆரம்பிச்ச இதயம் காப்போம் திட்டத்துல அங்கயே முதல் டோஸ் மாத்திரைகளைக் குடுத்து அனுப்பறாங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரலோட அதுல அட்டோர்வாஸ்டாட்டினும் இருக்கு, எங்க பெரியப்பா லிவருக்குப் பயந்து நிறுத்தின அதே மாத்திரை.